குணமாகாத நோய்க்கு நேர்த்திக்கடன்

கேள்வி: தமக்கும் குடும்பத்தாருக்கும் அடுத்தடுத்து நோய் வரும்போது, நன்றியுணர்வையும் கடவுள் நம்பிக்கையையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

நான் அவற்றைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. இடையில் நான்கு மாதங்கள் எங்கள் வீட்டு மாடத்தில் விளக்கு எரியவில்லை. ஏற்றாமல் விட்டவள் நான்தான். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பதில் நேர்மையாக இருக்கும்.

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணவருக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை. நான் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் மேட்டூர் அணை 2022-இல் மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. குறுவைக்கு முன்கூட்டியே தண்ணீர் கிடைத்த மகிழ்ச்சியில் நாற்றங்கால் வேலையில் நின்றவருக்குக் கால்கள் வீங்கின. சேற்றில் நின்றதால் வந்த வீக்கம் என்று நினைத்து, உப்பு போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்துச் சோறு பார்த்தாலே குமட்டுகிறது என்றார். பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 9-க்கு மேல் இருந்தது, சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்றார்கள். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டவர் அவர். ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. சிறுநீரகம் பெரும்பகுதி பழுதாகும் வரை வலியோ புண்ணோ காட்டாமல் இருக்கக்கூடிய உறுப்பு என்பதை அன்றுதான் அறிந்துகொண்டோம். இதைப் படிப்பவர் வீட்டில் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர் இருந்தால், நன்றி, நம்பிக்கை பற்றி நான் எழுதுவதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், நான்கு மணி நேரம் டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தப்படுத்துவது. கிராம நிர்வாக அலுவலர் ஒரே நாளில் வருமானச் சான்று எழுதிக் கொடுத்ததால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைத்தது. அதனால் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. போக்குவரத்துச் செலவும் இழந்த வேலை நாள்களும்தான் எங்கள் பங்கு. நன்றி என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அலுவலரின் மேசைதான். ஆனால் அன்று அவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லத் தோன்றவில்லை, காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

அந்த ஆவணி மாதத்தில், நம்பிக்கை என்ற பெயரில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். உறவினர் ஒருவர், சிறுநீரகத்தை மறுபடி இயங்க வைக்கும் வேர்ப்பொடி கொடுப்பவர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி அழைத்துப் போனார். ஊசிக் குழாய்களிலிருந்து விடுதலை என்ற ஒரு சொல்லுக்காகவே என் கணவர் மயங்கினார், நானும் மயங்கினேன். டயாலிசிஸை நிறுத்தி, பொடியைத் தின்று, அதைக் கொடுத்தவர் சொன்னபடி தினமும் ஓர் இளநீர் குடித்தார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதும், அதை வெளியேற்ற முடியாத உடலில் அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்பதும் மருத்துவமனையில் ஏற்கெனவே எங்களுக்குச் சொல்லப்பட்டவைதான். ஆனாலும் தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இளநீர் ஆளைக் கொல்லும் என்பது மனத்தில் ஏறவே இல்லை. ஒன்பதாம் நாள் இரவு மூச்சு முட்டிப் படுக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்தபடியே தவித்தார். 108 வாகனம் வந்து சேர்த்ததும், நள்ளிரவில் இயந்திரத்தை இயக்க ஆள் இருந்ததும் இல்லையென்றால் இந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உயிர் பிழைத்த அன்று நான் கடவுளுக்கு நன்றி சொல்லவில்லை. கோபம்தான் வந்தது, அந்தக் கோபத்துக்கு அடியில் வெட்கமும் இருந்தது. ஏமாந்தது நான், பழியை மட்டும் மாடத்தின் மேல் போட்டு, விளக்கேற்றுவதை விட்டேன்.

என் மாமியார் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வரும் பெண் மாதந்தோறும் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பெண்ணிடம்தான், “எம் மருமவ சாமியோட பேச்சை நிறுத்திட்டா, நீ கொஞ்சம் சொல்லேன்” என்று குறைபட்டுக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மார்கழியில் என் முறை வந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்கவில்லை. கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தன. முடக்குவாதம் என்றார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரையை, தவறிக்கூடத் தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது என்று மருத்துவர் மூன்று முறை சொல்லி, கிழமையையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த மாதத்தில்தான் ஒரு விடியலில் மறுபடி விளக்கேற்ற வேண்டும் போலிருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. தீக்குச்சியை உரச விரல்கள் ஒத்துழைக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் கோலப்பொடியோடு வந்து நின்றாள். குச்சியை உரசிக் கொடுத்துவிட்டு, எங்கள் வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போட்டுவிட்டுப் போனாள். மார்கழி முழுவதும் அப்படியே நடந்தது. அவளுக்கு நான் எதுவும் செய்ததில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு விடுமுறை மாதம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

என் விரல்களுக்கு வேறொரு வேலையும் இருந்தது. டயாலிசிஸுக்காகக் கணவரின் இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருந்தார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். அதன் மேல் விரல் வைத்தால், மூங்கிலுக்குள் வண்டு இரைவது போல ஓர் அதிர்வு தெரியும். தினமும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றுபோனால் இரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மடங்காத விரலுக்கும் அதிர்வு தெரியும். விளக்கை ஏற்றியதும் அவர் கையைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. வழிபாடு எது, கண்காணிப்பு எது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டயாலிசிஸ் பிரிவில் பக்கத்துப் படுக்கைக்காரர் கூத்தாநல்லூர் பாய். ஒரு நாளைக்கு அனுமதித்த தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வது, தாகம் தாங்காதபோது ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்வது, எல்லாம் அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவை. ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர். மருத்துவர் சொல்லை மீறி ஒரு வாய் காப்பி குடித்தவரும் அல்லர். 2023 ஐப்பசியில், தண்ணீர் இல்லாமல் குறுவை பலருக்குக் கருகிப்போன அந்த ஆண்டில், ஒரு வியாழக்கிழமை அவர் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். எங்களைவிட ஒழுங்காகத் தொழுதவர், எங்களைவிட ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர் போய்விட்டார். வேர்ப்பொடி தின்றவர் இருக்கிறார். வேண்டுதல் போட்டால் உயிர் கிடைக்கும் என்று அதுவரை நான் மனத்துக்குள் எழுதி வைத்திருந்த கணக்கு அன்றோடு முடிந்தது. முடிந்தபோது நம்பிக்கையும் கூடவே போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் கோயிலில் நிற்பது எளிதாகவே இருந்தது.

அந்த மனநிலையில்தான் வைத்தீசுவரன் கோயிலுக்குப் போனோம். சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைத்தோம், உப்பும் மிளகும் போட்டோம். சிவன் அங்கே வைத்தியர். அம்பாள் தையல்நாயகி தைலப் பாத்திரத்தோடு அவருக்குத் துணையாக வந்தவள் என்பது தல வரலாறு. சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் தெய்வமே மருந்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துதான் நோய் தீர்த்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இதை அந்த உறவினரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், இன்னும் சொல்லவில்லை. எங்கே போனாலும் பிரசாதமாகப் பஞ்சாமிர்தம் கிடைத்தால் கணவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்துவிடுவார், வாழைப்பழத்திலும் பொட்டாசியம்.

கடைசியாக வலங்கைமான் விஷயம். அங்குள்ள மகாமாரியம்மனுக்குப் பங்குனித் திருவிழாவில் பாடைக்காவடி எடுப்பார்கள். சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவரைப் பச்சைப் பாடையில் பிணம் போலக் கிடத்தி, உறவினர் நால்வர் தோளில் சுமக்க, முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்த, பறை முழங்கக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தீர்த்தம் தெளித்ததும் எழுந்திருப்பார். மூச்சுத் திணறிய அந்த இரவில் என் மாமியார் இதைத்தான் மகனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். கணவர் இரண்டு ஆண்டுகள் மறுத்தார். குணமானவர்கள்தானே எடுக்க வேண்டும், வாரம் இரண்டு நாள் ஊசி குத்திக்கொள்கிறவன் எந்த முகத்தோடு எடுப்பது என்பது அவர் வாதம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. “நான் குணமாவணும்னு வேண்டிக்கலடா. விடியறப்ப நீ இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். விடிஞ்சப்ப நீ இருந்தியா இல்லியா?” என்று மாமியார் ஒரு நாள் கேட்டார். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

2025 பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். என் தம்பி, கணவரின் சித்தப்பா மகன்கள் இருவர், எதிர்வீட்டுப் பெண்ணின் அப்பா ஆகிய நால்வர் தோள் கொடுத்தார்கள். பாடையில் கிடத்திக் கைகளைச் சேர்த்துக் கட்டப்போனபோது, இடது கையைக் கட்டக் கூடாது, அதில் இரத்தக் கட்டு விழுந்துவிடும் என்று நான் சத்தம் போட்டேன். கட்ட வந்த பெரியவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, வலது கையை மட்டும் கட்டி, இடது கையை மார்பின் மேல் சும்மா வைத்தார். வெயில் கடுமையாக இருந்தது. அன்றைய தண்ணீரில் பாதியை வீட்டிலேயே மிச்சம் பிடித்து, ஒரு பாட்டிலில் என் பைக்குள் வைத்திருந்தேன். தீர்த்தம் தெளித்து அவர் எழுந்து உட்கார்ந்ததும் மாமியார் அழுதார். நான் அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன்; அதிர்வு இருந்தது. தண்ணீரைக் கொடுத்தேன். மறுநாள் திங்கட்கிழமை, டயாலிசிஸின் முதல் சுற்று எங்களுடையது என்பதால், பாடைக்கு வந்த உறவினர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, சீக்கிரமே படுத்துவிட்டோம்.