செந்தூலில் பூக்காத மஞ்சள் பூ வெங்காயம்

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் மகள், விடுமுறைக்கு வந்தபோது ‘ஆலியம் மோலி’ என்னும் பூ வெங்காயத்தின் பத்துக் குமிழ்களைக் கொண்டுவந்தாள். ஐந்தாவது மாடி வராந்தாவில் தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் மட்டும் வந்தன. சில வாரங்களில் அவையும் பழுத்துச் சாய்ந்தன. தோண்டிப் பார்த்தால் குமிழ்கள் கொழகொழவென்று அழுகியிருந்தன. என் வளர்ப்பில் என்ன தவறு?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தண்ணீர் அதிகமானது உண்மைதான், ஆனால் அளவாக ஊற்றியிருந்தாலும் இச்செடி உங்கள் வராந்தாவில் பூத்திருக்காது என்பதால், மனம் வருந்த வேண்டாம். ஸ்பெயின், தென்பிரான்சு மலைப்பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு வெங்காயம், ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் உயரமே வளர்ந்து, அங்கே மே, ஜூன் மாதங்களில் மஞ்சள் நட்சத்திரங்களைக் கொத்தாக விரிக்கும். பூத்து முடிந்ததும் இலை காய்ந்து, குமிழ் மண்ணுக்குள் உறங்கிவிடும். அதன்பின் குளிர்காலத்தில் பல வாரங்கள் மண் சில்லிட்டுக் கிடந்தால்தான் அடுத்த பூந்தண்டு எழும். கோலாலம்பூரிலோ விடியற்காலையில்கூட வெப்பம் 22 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. உறங்க வேண்டிய குமிழுக்கு வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் அழுகத்தான் செய்யும்.

மீண்டும் முயல விரும்பினால், உலர்ந்த குமிழ்களைக் காகிதப் பையிலிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஏறத்தாழ 5 டிகிரியில் 12 வாரங்கள் வைத்து, பிறகு மணல் கலந்த, நீர் தேங்காத மண்ணில் நட்டுப் பாருங்கள். ஆப்பிள், வாழைப்பழம் முதலியவற்றை அருகில் வைக்கக்கூடாது. பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். இவ்வளவு செய்தும் ஒரு பருவத்துக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. வெளிநாட்டிலிருந்து குமிழ் கொண்டுவர இறக்குமதி உரிமம் வேண்டும் என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள்.

என் விருப்பம் வேறு. சார் குவே தியோ என்னும் வறுத்த அரிசி நூடுல்சில் போடும் குச்சாயும் (பூண்டு மணமுள்ள கீரை) இதே வெங்காய இனம்தான். அதன் தாவரவியல் பெயருடன் சேர்ந்திருப்பது, தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் அகராதி தொகுத்த ராட்லரின் பெயர் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. சந்தையில் வேரோடு ஒரு பிடி வாங்கி, நல்ல வெயிலில் நட்டு, இலையை அறுக்காமல் விடுங்கள். தண்டின் உச்சியில் மெல்லிய தோலுறை கிழிந்து, ஆறு வெள்ளை இதழ்கள் கொண்ட பூக்கள் குடையாக விரியும்; ஒவ்வோர் இதழின் முதுகிலும் ஒரு மெல்லிய கோடு ஓடுவதைக் கிட்டே போய்ப் பாருங்கள். பூ வாடியதும் தண்டை அடியோடு கிள்ளிவிட்டால், விதை விழுந்து தொட்டியெங்கும் முளைக்காது. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெங்காய இனம் எதுவாயினும் அவற்றுக்கு நஞ்சு.