நெட்டி முறித்தால் முதுகு வலி தீருமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது ஆகிறது. பாலக்கோட்டிலிருந்து சென்னைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் மினி லாரி ஓட்டுகிறேன். ஆறு ஆண்டுகளாக அடிமுதுகில் வலி இருக்கிறது; சில நாட்களில் அது இடது தொடை வரை இறங்குகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், எல்4 – எல்5 டிஸ்க் (அடிமுதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு) பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தார்கள். மாத்திரை, இடுப்புப் பெல்ட், எண்ணெய், கட்டு என்று எல்லாம் பார்த்துவிட்டேன். ஓசூரில் வேலை செய்யும் என் அக்கா மகன், பெங்களூருவில் உள்ள ஒரு கைரோபிராக்டரின் (முதுகெலும்பைக் கையால் அழுத்தி, சொடுக்கி வைத்தியம் செய்பவர்) வீடியோக்களை அனுப்பினான். நானும் ஒரு முறை சென்று வந்தேன். முதுகைச் சொடுக்கியதும் இரண்டு நாட்கள் உடம்பு லேசாக இருந்தது. மூன்றாம் நாள் வலி பழையபடி வந்துவிட்டது. எலும்பு இடம் மாறியிருக்கிறது, 24 முறை வந்தால் சரியாகிவிடும், 36,000 ரூபாயை முன்பணமாகக் கட்டுங்கள் என்கிறார்கள். என் மனைவி வேண்டாம் என்கிறார். நம்பிப் போகலாமா?
வாசகர், பாலக்கோடு

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். அந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அதற்காக, கைரோபிராக்டிக் என்பதே ஏமாற்று வேலை என்று எழுதிவிட்டு இந்தப் பதிலை முடித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் உங்களுக்கு இரண்டு நாட்கள் கிடைத்த நிம்மதி பொய்யன்று. அது எதனால் கிடைத்தது, ஏன் நிற்கவில்லை என்பது புரிந்தால், யாரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நீங்களே கணித்துவிடுவீர்கள்.

இந்த வைத்தியம் 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டாவன்போர்ட் நகரில் தொடங்கியது. காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டி.டி. பால்மர் என்பவர், காது கேளாத ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததால் அவருக்குக் காது கேட்டுவிட்டது என்று அறிவித்தார். நோய்களில் பெரும்பாலானவை முள்ளெலும்பு இடம் பெயர்ந்து நரம்பை அழுத்துவதாலேயே வருகின்றன என்ற கொள்கையையும் அதன்மேல் கட்டினார். அந்தக் கொள்கைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இன்றைய கைரோபிராக்டர்களில் பலர் அதைக் கைவிட்டு, முதுகு வலி, கழுத்து வலி ஆகியவற்றோடு நின்றுகொள்கிறார்கள். வேறு சிலரோ சர்க்கரை நோய், ஆஸ்துமா, குழந்தையின் வயிற்றுவலி என எதற்கும் முதுகைச் சொடுக்க முன்வருகிறார்கள். உங்கள் முன் நிற்பவர் இதில் எந்த வகை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எலும்பு இடம் மாறியிருக்கிறது என்று அவர் சொன்ன சொல், அவர் பழைய கொள்கையை விடாதவர் என்பதற்கு ஓர் அடையாளம்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குத் திருஷ்டி கழித்துவிட்டுப் பாட்டி நெட்டி முறிக்கும்போது கேட்கும் சத்தமும், அந்த மேசையில் உங்கள் முதுகிலிருந்து கேட்ட சத்தமும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து, ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு விரல் மூட்டில் இது நடப்பதை எம்.ஆர்.ஐ. கருவியில் படமாகவே எடுத்தார்கள். எலும்பு எதுவும் இடம் மாறி உட்காரவில்லை. பிதுங்கிய டிஸ்க்கும் உள்ளே போகவில்லை. அது மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுகப் பிணைந்திருப்பதால், வெளியிலிருந்து கையால் தள்ளிப் பொருத்தக்கூடிய பொருளே அன்று. அந்தத் திடீர் இழுப்பினால் இறுகிய தசைகள் சற்றுத் தளர்கின்றன, வலியை உணரும் நரம்புகள் சிறிது நேரம் அடங்குகின்றன. உங்களுக்குக் கிடைத்த இரண்டு நாள் அதுதான்.

இனி உங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்ப்போம். முதுகு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கமும், 80 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானமும் இருந்தன. பாலக்கோடு தக்காளி மண்டியில் உங்களோடு நின்று சுமை ஏற்றும் உங்கள் வயதுக்காரர்களில், ஒரு நாளும் முதுகு வலிக்காத பத்துப் பேரை ஸ்கேன் எடுத்தால், அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேரின் அறிக்கையில் உங்களுக்கு எழுதிய அதே வரி இருக்கக்கூடும். அந்த வரியைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் கேட்பவர் கைரோபிராக்டராக இருந்தாலும், என்னைப் போன்ற எலும்பு மருத்துவராக இருந்தாலும், சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.

அப்படியானால் முதுகைச் சொடுக்குவதால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது, சிறிதளவு இருக்கிறது. நாட்பட்ட முதுகு வலி குறித்து 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 9,211 பேரையும் கணக்கில் கொண்டு 2019ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு, இம்முறை உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஏறத்தாழச் சமமான பலனைத் தருகிறது என்றுதான் கூறியது. அவற்றைவிட மேல் என்று கூறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இது பயன்படுத்தத் தக்க முறைகளின் வரிசையில், ஆதாரம் வலுவானதன்று என்ற குறிப்போடு, இடம் பெற்றிருக்கிறது. அதே வழிகாட்டுதல் இடுப்புப் பெல்ட்டையும், இடுப்பில் எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் மருத்துவமனைகளில் நாங்களே பல ஆண்டுகள் எழுதிக் கொடுத்தவை அவை. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுதலோ, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் கைச்சிகிச்சை தரப்பட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. சொடுக்கிவிட்டு, பயிற்சி எதுவும் கற்றுத் தராமல் அடுத்த தேதியை மட்டும் எழுதித் தருபவரிடம் நீங்கள் பெறுவது பாதிச் சிகிச்சை.

ஆளை எப்படி எடைபோடுவது என்பதுதான் கடினமான பகுதி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கச் சட்டப்படியான அமைப்புகள் உண்டு. இந்தியாவில் அவர்களுக்கென்று அப்படியொரு பதிவு மன்றம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு இத்தொழிலுக்கு வகுத்த பயிற்சி அளவு, நான்கு ஆண்டுகளில் 4,200 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது. நம் நாட்டில் அந்தப் பலகை மாட்டியிருப்பவர் வெளிநாட்டில் முழுப் படிப்பும் படித்தவராக இருக்கலாம். பிசியோதெரபி பட்டம் பெற்றபின் கூடுதலாகக் கைச்சிகிச்சை கற்றவராக இருக்கலாம். வார இறுதி வகுப்பு ஒன்றில் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். எங்கே, எத்தனை ஆண்டுகள் படித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

படிப்பைக் காட்டிலும், முதல் நாள் அவர் உங்களைத் தொடும் முன் என்ன செய்தார் என்பதையே நான் பெரிதாகக் கருதுவேன். சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப் போகிறதா, காய்ச்சல் வருகிறதா, காரணமின்றி எடை குறைந்ததா, வலி இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா, முன்பு காசநோயோ புற்றுநோயோ இருந்ததா, விழுந்து அடிபட்டதுண்டா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அரிதன்று. ‘வெறும் முதுகு வலி’ என்று மாதக்கணக்கில் தடவிக்கொண்டு இருந்துவிட்டு, காலில் பலம் போன பின் மருத்துவமனைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால் விரலையும் குதிகாலையும் ஊன்றி நடக்கச் சொல்லி, முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியலால் தட்டி நரம்பைச் சோதித்திருக்க வேண்டும். இவை எதுவும் இன்றி, கேமராவை வைத்துவிட்டு நேராகச் சொடுக்கினார் என்றால் அங்கே மறுபடியும் போக வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, உங்களுக்கும் ஆசை விடவில்லை என்றால், நான்கைந்து முறை மட்டும், அன்றன்றைக்குப் பணம் கொடுத்துப் போய்ப் பாருங்கள். மேசையிலிருந்து எழும்போது எப்படி இருக்கிறது என்பதை வைத்து மதிப்பிடாதீர்கள். இன்று வாணியம்பாடிக்கு முன்பே வலியால் வண்டியை ஓரங்கட்டுகிறீர்கள் என்றால், ஒரு மாதத்துக்குப் பிறகு வேலூர் வரை வலியின்றிப் போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பெங்களூருவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பி வருவதை 24 முறை செய்தால், உட்கார்ந்தே வந்த வலிக்கு இன்னும் உட்காருவதாகத்தான் முடியும்.

நானாக இருந்தால், முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவில் ஒரு முறை காட்டிவிட்டு, அங்கேயே இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) பிரிவில் முதுகுக்கும் வயிற்றுக்கும் உரிய பயிற்சிகளைக் கற்றுக்கொள்வேன், செலவில்லை. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கஷ்டம். நடையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்: ஆஸ்திரேலியாவில் 701 பேரைக் கொண்டு நடத்தி 2024ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், முதுகு வலியிலிருந்து மீண்டு, வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி மறுபடி வர நடுத்தரக் கணக்கில் 208 நாட்கள் ஆயின, செய்யாதவர்களுக்கு 112 நாட்களிலேயே வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். கோயம்பேட்டில் இறங்கிய கையோடு பெட்டியைத் தூக்காமல், முதலில் ஒரு டீ குடிக்கும் நேரமாவது நின்று உடம்பை அசைத்துக்கொள்ளுங்கள். பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்து முன்னால் வையுங்கள்.

வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை இறங்கினாலோ, செருப்பு தானாகக் கழன்று போகும் அளவுக்குப் பாதம் தளர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அன்றைய தினமே, இரவென்றும் பாராமல், மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. மூச்சிரைப்புக்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். கூன் விழுந்து முதுகு வலியால் அவதிப்படுகிறார். கைரோபிராக்டரிடம் அழைத்துச் செல்லலாமா?
வாசகி, சூளகிரி

பதில்: அழைத்துச் செல்லாதீர்கள், அம்மா. இந்தக் கேள்விக்கு எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. நெடுங்காலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு எலும்பு வலுவிழந்து போகும். கூன் விழுந்திருப்பது முள்ளெலும்பு ஒன்று ஏற்கெனவே நசுங்கி உடைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த முதுகில் வேகமாக அழுத்தினால் அடுத்த எலும்பும் உடையக்கூடும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பை வலுப்படுத்தும் மருந்து தேவையா என்று கேளுங்கள். அடிக்கடி அலைய முடியாதவர் என்றால், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கப்பட்டதே உங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணினி முன் வேலை. கழுத்து இறுக்கத்துக்கு மாதம் ஒரு முறை சலூனில் கழுத்தைச் சொடுக்கிக்கொள்கிறேன். கைரோபிராக்டரிடம் செய்துகொள்வது இதைவிடப் பாதுகாப்பானதா?
வாசகர், ஓசூர்

பதில்: பயிற்சி பெற்றவரின் கை நிதானமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் கழுத்தைச் சட்டென்று திருப்புவதை யார் செய்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளில் இரண்டு, கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். இது மிக அரிதாகவே நேர்கிறது; நேர்ந்தால், இளம் வயதினருக்கும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் பாதிப்பாக ஆகிவிடலாம். இழக்கக்கூடியது இவ்வளவு, பெறுவதோ ஒரு நாள் சுகம். கழுத்தைத் திருப்பிய பின் முன்பு அறியாத கடும் தலைவலி, தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால், படுத்து ஓய்வெடுத்துப் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். சலூனில் முடி வெட்டிக்கொள்ளுங்கள். தலையைத் தடவிக்கொண்டாலும் தவறில்லை. கழுத்தில் கை வைக்கும் முன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கைரோபிராக்டர் நல்லவரா, பிசியோதெரபிஸ்ட் நல்லவரா?
வாசகர், அரூர்

பதில்: இயன்முறை மருத்துவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கிறது, 2021ஆம் ஆண்டின் துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் சட்டத்தின் கீழும் அவர் வருகிறார். ஏதேனும் தவறு நேர்ந்தால் முறையிட ஓர் இடம் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய வேறுபாடாகப் படுகிறது. ஆனால் கரண்ட் மெஷினை ஒட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. அவரிடம் போவதாலும் பயனில்லை.

கேள்வி: ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டால் என் முதுகு வலி குறைகிறது. இது வெறும் மனப்பிரமையா?
வாசகர், பென்னாகரம்

பதில்: பிரமை இல்லை. தசை தளர்கிறது, அருவியில் நனைந்து நடக்கிறீர்கள், ஒரு நாள் வேலையையும் மறக்கிறீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். தேய்த்து முடித்தபின் முதுகில் ஏறி மிதிக்கவும் கழுத்தை முறுக்கவும் மட்டும் விடாதீர்கள்.