பாதுகாப்பு என்று சொல்லி வீல்சேரை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். முதுகுத்தண்டில் அடிபட்டு ஆறு வருடமாக வீல்சேரில்தான் இருக்கிறேன். போன மாதம் கோவையில் ஒரு திறந்தவெளித் திடலில் நடந்த இசை நிகழ்ச்சிக்கு எனக்கும் தம்பிக்கும் தலா 2,500 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தோம். வாசலில் நின்ற பவுன்சர்கள், "ஃபயர் சேஃப்டி, வீல்சேர் உள்ளே வரக்கூடாது" என்றார்கள். அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு இரண்டு பேர் என்னைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் சேரில் வைத்தார்கள். வீல்சேரை மடக்கி, அதிலிருந்த மெத்தையோடு ஜெனரேட்டர் பக்கம் கொண்டு போய்விட்டார்கள். மூன்றரை மணி நேரம் பாத்ரூம் போக முடியவில்லை. முன்னால் இருந்தவர்கள் எழுந்து ஆடியதில் பாட்டு காதில் விழுந்தது, மேடை கண்ணில் படவில்லை. 'அனுமதி மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு' என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது. அப்பா, "கூட்டத்துக்கு எதுக்கு அம்மிணி போகோணும், விட்டுத் தள்ளு" என்கிறார். அவர்கள் செய்தது சரியா? அடுத்த மாதம் ஈரோட்டிலேயே ஒரு நிகழ்ச்சி வருகிறது. அதற்கு முன்வரிசை டிக்கெட் எடுத்தால் முன்வரிசையில் உட்கார எனக்கு உரிமை உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரிக்கு, வாசலில் உங்களை மறித்ததைவிட, பிறகு உள்ளே விட்ட விதம்தான் எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது. அன்றைக்கு மின்கசிவில் ஒரு மூலையில் புகை கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மற்றவர்கள் எழுந்து ஓடியிருப்பார்கள். உங்கள் கால் ஜெனரேட்டர் பக்கத்தில் மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் தன்னால் வெளியே போகவே முடியாத நிலையை உண்டாக்கிவிட்டு, அதற்கு 'ஃபயர் சேஃப்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்த மெத்தை எதற்கு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மூன்றரை மணி நேரம் வெறும் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தால் புண் வரலாம் என்பது உங்களுக்குத் தெரியும். உடம்பில் எங்காவது சிவந்திருந்தால் இன்றே டாக்டரிடம் காட்டி, அவர் எழுதித் தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நடைவழியை அடைக்கக்கூடாது என்ற விதியில் தப்பில்லை. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் இருந்தவர்கள் வெளியேற முடியாமல் போனதற்கு ஒரு காரணம், கூடுதலாக டிக்கெட் விற்பதற்காக நடைவழியில் நாற்காலிகளைப் போட்டு அடைத்தது. அங்கே வழியை மறித்தது நிர்வாகமே போட்ட நாற்காலி. நம்மூர்த் திடல்களிலும் கடைசி நேரத்தில் 'எக்ஸ்ட்ரா ரோ' என்று பிளாஸ்டிக் சேர்களைக் கயிற்றால் கட்டி வரிசையாக இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை எந்த பவுன்சரும் மறித்து நான் கண்டதில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2016-இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-இல். இது அரசு அலுவலகங்களை மட்டும் கட்டுப்படுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மக்களுக்கான சேவைகள் என்று அது சொல்லும் பட்டியலில் கலை, பொழுதுபோக்கு எல்லாம் வருகிறது. தனியார் நிறுவனமும் வருகிறது. நியாயமான வசதி செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று இரண்டாம் பிரிவு சொல்கிறது. உங்கள் வழக்குக்கு உயிர்நாடி பிரிவு 3(3). ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை வேறுபடுத்தி நடத்தினால், அதற்கு நியாயமான நோக்கம் இருந்தது, செய்த காரியமும் அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டவில்லை என்று காட்டியாக வேண்டும். காட்ட வேண்டியது நடத்தியவர், நீங்கள் அல்ல. 'சேஃப்டி' என்ற ஒரு வார்த்தை போதாது. எந்த நடைவழி, எத்தனை அடி அகலம், வேறு இடம் ஏன் தர முடியவில்லை என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

இதே 'பாதுகாப்பு' வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-இல் கொல்கத்தாவில் ஒரு தனியார் நிறுவன விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். மருத்துவ ஆலோசனைகூடக் கேட்காமல் இறக்கியது தவறு என்று 2016-இல் தீர்ப்பு வந்தது. 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார்கள். உங்களுக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 'பார்த்தவுடன் நாங்களே முடிவு செய்துகொண்டோம்' என்பது பாதுகாப்பு நடவடிக்கை ஆகாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

வீல்சேரை எடுத்துப் போனது தனி விஷயம். மாற்றுத்திறனாளியின் துணைக்கருவியை அவர் பயன்படுத்த முடியாமல் வேண்டுமென்றே இடையூறு செய்வது அதே சட்டத்தின் பிரிவு 92-இல் குற்றம்; 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, அபராதம் வேறு. ஆனால் 'அவரே சம்மதித்துத்தான் சேருக்கு மாறினார்' என்பார்கள். அரை மணி நேரம் வாசலில் நிறுத்தி வைத்து வாங்கியது சம்மதமா என்று நாம் வாதாடலாம்தான். ஆனாலும் கிரிமினல் வழக்கு நீண்ட பயணம். நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு நீங்கள் அனுப்பப் போகும் நோட்டீஸில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். உடனே ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது எதிர்த்தரப்பு. கரூர் நமக்கு அசலூர் இல்லை. 2025 செப்டம்பர் 27 அன்று வேலுச்சாமிபுரத்தில் நெரிசலில் 41 பேர் இறந்ததைப் பார்த்த பிறகு, கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கும் நடத்துபவருக்கும் பயம் வருவது இயல்பு. அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்வரிசை டிக்கெட் எடுத்தாலும் அந்த இடத்தையே தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நடத்துபவருக்கு அளவுக்கு மீறிய சுமை ஏற்படுத்தாத வசதி என்பதுதான் அதன் அளவுகோல். மேடைக்கு முன்னால் ஆயிரம் பேர் நின்று ஆடும் இடத்தில் வீல்சேரை விட மறுத்தால், அந்த மறுப்பு நீதிமன்றத்தில் நிற்கலாம். ஆனால் அதே விலைக்கு ஈடான இடம், மேடை தெரிகிற உயரம், படி இல்லாமல் வெளியேறும் வழிக்குப் பக்கம், தம்பி கூட உட்கார ஒரு சேர் – இவற்றைத் தர வேண்டும். கூட வருபவருக்கு இலவச டிக்கெட் கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் ஆர்கெஸ்ட்ரா நடக்கும். போலியோ வந்த மாமா ஒருவர் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வருவார். மைக்செட்காரர் தன் பெட்டிகளை இரண்டடி நகர்த்தி, கயிற்றுக்கு உள்பக்கம் அவர் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொல்வார். பின்னால் வண்டிப்பாதை; எப்போது வேண்டுமானாலும் திருப்பிக்கொண்டு போகலாம். அந்த மைக்செட்காரர் எந்தச் சட்டமும் படித்தவர் இல்லை.

டிக்கெட்டில் உள்ள 'அனுமதி மறுக்கும் உரிமை' வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குடித்துவிட்டு வந்து ரகளை செய்பவரைத் தடுக்க அது உதவும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை டிக்கெட்டில் அச்சடித்த ஒரு வரி ரத்து செய்துவிடாது.

செய்ய வேண்டியதில் அவசரமானது சிசிடிவி. பதிவுகள் சில வாரங்களிலேயே அழிந்து, அதன் மேலேயே புதிது பதிவாகிவிடும். ஆகவே இந்த வாரமே, நடத்திய நிறுவனத்துக்கும் டிக்கெட் விற்ற செயலிக்கும் திடல் உரிமையாளருக்கும் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இன்ன தேதி, இன்ன வாசல், இத்தனை மணிப் பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று எழுதுங்கள். தம்பி எடுத்த வீடியோ இருந்தால் அந்த போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையம். நிகழ்ச்சி கோவையில் நடந்திருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. சம்பவ நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். டிக்கெட் பணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு இரண்டையும் கேளுங்கள். அப்புறம், சென்னையிலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு மனு போடுங்கள். அவருக்குச் சாட்சிகளை அழைக்க, ஆவணங்களை வரவழைக்க சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. முதல் முறை சட்டத்தை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை என்று பிரிவு 89 சொல்கிறது. பெரிய நிறுவனத்துக்கு முதல் தொகை டீ செலவுதான். இரண்டாவதற்கு யோசிப்பார்கள்.

கோவை நிகழ்ச்சிக்கு அதிகாரிகள் கொடுத்த அனுமதி ஆணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டுப் பாருங்கள். வீல்சேரை விடக்கூடாது என்று போலீஸோ தீயணைப்புத் துறையோ எழுதியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். 'மேலிடத்து உத்தரவு' என்று வாசலில் சொல்வது காகிதத்தில் இல்லாமல் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு.

ஈரோடு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்த கையோடு நடத்துபவருக்கு எழுதுங்கள். உங்கள் வீல்சேரின் அகலத்தை அங்குலத்தில் குறிப்பிடுங்கள். எந்த வாசலில் படி இல்லை, எங்கே உட்கார வைப்பார்கள், சக்கரம் போகிற பாத்ரூம் எங்கே, நெரிசல் வந்தால் எந்த வழி, அன்றைக்குப் பொறுப்பான ஆள் யார் என்று கேளுங்கள். 'ரேம்ப் இருக்கிறது' என்று மட்டும் பதில் வந்தால் நீளத்தைக் கேளுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. இரண்டு படி சுமார் ஒன்றேகால் அடி வரும்; அதற்குப் பதினைந்து அடி சாய்தளம் வேண்டும். பல இடங்களில் போடுவது லாரியில் மாடு ஏற்றும் பலகைதான். கடிதத்தின் நகலை கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் கையில் இருக்கும்போது 'முன்னாடியே சொல்லலையே' என்று யாரும் வாசலில் பேச முடியாது.

மறுபடியும் சேருக்கு மாறச் சொன்னால், "எழுதிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வீல்சேரை விட்டு இறங்காதீர்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.