கம்பெனி செலவில் வெளியூர் போகும்போது பணத்தைப் பொறுப்பாகச் செலவு செய்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: முதல் முறையாக ஐந்து நாள் அலுவலக வேலையாகப் புனே போகிறீர்கள். அறை வாடகையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், சாப்பாட்டுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் நாளுக்கு 1,500 ரூபாய். கூட வேலை பார்ப்பவர்கள் 'பாதியை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போ, பில் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்' என்கிறார்கள். எது பொறுப்பு, எது ஏமாளித்தனம் என்று புரியவில்லை.

வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். ஆகியிருந்தால் யாரையும் கேட்காமல் அவர்கள் சொன்னபடியே செய்திருப்பீர்கள்.

நான் கோவையில் கம்ப்ரசர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராகப் பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தவன். ஓய்வு பெறுவதற்கு முன் சில ஆண்டுகள், மற்றவர்களின் டூர் பில்லைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள். பில் கொடுப்பவனின் வயிற்றெரிச்சலும் தெரியும், பில் பார்ப்பவனின் எரிச்சலும் தெரியும்.

முதலில் அந்த 1,500 எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பில் கேட்காமல் கொடுக்கும் பேட்டா என்றால் அது உங்கள் பணம். தயிர் சாதம் சாப்பிட்டு நாளைக் கழித்து மீதியை வீட்டுக்கு அனுப்பினாலும் ஒருவரும் குறை சொல்ல முடியாது. 1,500 வரை ஆன செலவுக்கு மட்டும் பில் கொடு என்றால், செலவாகாத ரூபாய் கம்பெனியுடையது. உங்கள் நண்பர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். தெரியாமல் பேசுகிறார்கள் என்று நான் நம்பவில்லை.

'வந்துவிட்டார் அரிச்சந்திரன்' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் முதலாளிக்குப் பரிந்துகொண்டு வரவில்லை. சம்பளம் குறைவு, அதனால் பில்லில் ஈடு கட்டுகிறோம் என்கிற வாதமும் எனக்குப் பழக்கம்தான். சம்பளம் குறைவு என்றால் சம்பளத்துக்குச் சண்டை போடுங்கள், நானும் போட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு விஷயத்துக்காக.

ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய காலம். புனேவில் போசரி பக்கம் ஒரு வாடிக்கையாளரிடம் வேலை முடித்துக்கொண்டிருந்தேன். மாலையில் கோலாப்பூர் மாவட்டத்து இச்சல்கரஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நூற்பாலையிலிருந்து போன். கம்ப்ரசரின் டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி, எரிந்துவிட்டது. மாற்று கம்ப்ரசர் ஏற்கெனவே பழுதாகிக் கிடக்கிறது. காற்று இல்லையென்றால் நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரம் ஓடாது. நூல் நூற்கும் ரிங் பிரேமில் இறங்குகிற நூலைச் சுற்ற வழியில்லாமல் பெட்டி பெட்டியாகத் தேங்கும். மில் மூன்று ஷிப்டும் ஓடுகிற இடம், விடியும்வரை பொறுங்கள் என்று சொல்ல முடியாது. போசரியிலேயே எங்கள் டீலரிடம் மாற்று டிரைவ் இருந்தது. மரப்பெட்டியோடு முப்பது கிலோவுக்கு மேல்.

கோலாப்பூர் பக்கம் இரவு முழுக்க பஸ் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பஸ் என்னை நெடுஞ்சாலையில் நடுநிசியில் இறக்கிவிடும். அங்கிருந்து பெட்டியோடு மில் வரை எப்படிப் போவது? டாக்சி பேசினேன். போகவர 6,400 கேட்டார். மேனேஜருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: 'மில் நிற்கிறது, பெட்டியோடு டாக்சியில் கிளம்புகிறேன், 6,400 ஆகும், வேண்டாம் என்றால் உடனே சொல்லுங்கள்.' பதில் இல்லை. தூங்கியிருப்பார். கிளம்பிவிட்டேன். பழைய இண்டிகா கார், பெட்டியைப் பின்சீட்டில் கிடத்தி, கம்பட்கி மலைப்பாதை நெடுக ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போனேன். அதிகாலை நான்கு மணி வாக்கில் மில் வாசல். ஆறே காலுக்குக் காற்று வந்துவிட்டது. மில்லின் மெயின்டனன்ஸ் அதிகாரி சர்வீஸ் ரிப்போர்ட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஊர் திரும்பிப் பில் கொடுத்தேன். அக்கவுண்ட்ஸிலிருந்து திரும்பி வந்த வவுச்சர் இன்னும் கண்ணில் நிற்கிறது. 6,400-ஐச் சிவப்பு மையில் அடித்து, மேலே பஸ் கட்டணம் முந்நூற்றுச் சொச்சம் எழுதி, ஓரத்தில் 'இவர் கிரேடுக்கு டாக்சி இல்லை' என்று ஒரு வரி. குறுஞ்செய்தியைக் காட்டினேன். 'பதில் வரவில்லை என்றால் அனுமதி என்று அர்த்தமா?' என்றார் அந்த அதிகாரி. வாதம் சரிதான், தப்பு சொல்ல மாட்டேன்.

அதே மேசையில் இன்னொருவரின் பில் கட்டு கிடந்தது. ஆட்டோ 180, ஆட்டோ 190, ஆட்டோ 150, ஆட்டோ 190. இருநூறுக்குக் கீழே ரசீது தேவையில்லை என்பது எங்கள் விதி. அந்த ஆள் வாடிக்கையாளரின் வண்டியிலேயே போய் வருபவர் என்பது சர்வீஸ் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் பச்சை டிக், பணமும் அன்றே கொடுத்தாகிவிட்டது. என் பணம் தீபாவளி தாண்டித்தான் வந்தது. அதுவும் மில்காரர் கையெழுத்திட்ட ரிப்போர்ட்டின் நகலை எடுத்துக்கொண்டு நான் ஜெனரல் மேனேஜர் அறைக்கே போன பிறகு.

அதனால் பில் பார்க்கும் நாற்காலிக்கு வந்தபோது பெரிய தொகையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். பெரிய செலவு செய்தவன் பெரும்பாலும் காரணத்தோடு வருவான். சின்ன பில்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு மெஸ் பில், வெவ்வேறு வாரத் தேதிகள், எண்கள் மட்டும் 417, 418, 419. இடைப்பட்ட நாளெல்லாம் அந்த மெஸ்ஸில் வேறு யாருமே சாப்பிடவில்லையா? மூன்று ஊர் ஹோட்டல் பில்லில் ஒரே கையெழுத்து, ஒரே ஊதா மை. ரயிலில் இருந்த நாளில் ஊரில் ஆட்டோ. இவற்றில் மாட்டுகிறவர் இழப்பது அந்த நூறு இருநூறு அல்ல. அதன் பிறகு அவர் கொண்டு வரும் உண்மையான பில்லையும் நான் இரண்டு முறை திருப்பிப் பார்ப்பேன். நண்பர்கள் சொன்ன 'எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்' பில் இதுதான்.

இன்னொரு ரகம் உண்டு, கம்பெனிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று பெருமைப்படுபவர்கள். எங்கள் பையன் ஒருவன் சாக்கனில் வேலைக்குப் போய்விட்டு, வாடகை குறைவு என்று புனே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தான். சாக்கன் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். அறையில் மிச்சம் பிடித்ததை வண்டி விழுங்கியது, ஆள் தினமும் பதினொரு மணிக்குத்தான் வேலையிடம் போய்ச் சேர்ந்தான், மூன்று நாள் வேலை நான்காம் நாளுக்கு இழுத்தது. உங்கள் வேலை புனேவில் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்த்து அறை எடுங்கள்.

அறை என்றதும் ஞாபகம் வருகிறது, இதைச் சொல்லாமல் விட முடியாது. ரயில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஊரில் கொண்டுபோய்ப் போடும். லாட்ஜில் கேட்டால் செக்-இன் பகல் பன்னிரண்டுக்கு, சில இடங்களில் இரண்டுக்கு. இப்போதே அறை வேண்டும் என்றால் முந்தைய நாள் வாடகையும் சேர்த்துக் கட்டு என்பார்கள். எந்த நேரம் நுழைந்தாலும் அங்கிருந்து 24 மணி நேரம் என்ற கணக்கு நம் ஊர் லாட்ஜ்களில் எவ்வளவு காலமாக இருந்தது! இப்போது ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார்கள். ராத்திரி முழுக்கப் பயணம் செய்தவன் பிளாட்பாரத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வாடிக்கையாளர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டு விசேஷத்தில் மட்டும் 'உனக்கென்னப்பா, கம்பெனி செலவில் ஊர் சுற்றுகிறாய்' என்பார்கள். ஒருமுறை என் மைத்துனர் அப்படிச் சொன்னபோது அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சரி, உங்களுக்குப் பயன்படுகிறவை. விமானத்தில் போனால் டிக்கெட் எடுக்கும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். சாதாரண வகுப்புக்கு 5 சதவீத வரி, அதைக் கம்பெனி உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். லாட்ஜ் வரி அப்படி அல்ல. அறை இருக்கும் மாநிலத்துக்கு உரிய வரி அது. மகாராஷ்டிரத்தில் பதிவு இல்லாத தமிழ்நாட்டுக் கம்பெனிக்கு அதில் ஒன்றும் திரும்பாது. ஆனாலும் பில் கம்பெனி பெயரில் இருக்கட்டும். நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம், அதற்கு முன் 12. பழைய வழக்கத்தில் 12 போட்டிருந்தால் கேளுங்கள். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வருமான வரிக் கணக்கில் கம்பெனியால் அதைச் செலவாகக் காட்ட முடியாது. பளபளவென்ற வெப்பத் தாளில் வரும் பில்லை அன்றிரவே போட்டோ எடுத்து வையுங்கள்; சட்டைப் பையில் கிடந்தால் ஊர் வருவதற்குள் எழுத்து மங்கத் தொடங்கிவிடும். தட்கல் டிக்கெட் உறுதியான பிறகு ரத்து செய்தால் பணம் திரும்பாது, பயணத் தேதி நிச்சயமாகத் தெரியாமல் எடுக்க வேண்டாம். வழக்கத்துக்கு மாறான செலவு வந்தால் முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள், பதில் வரவில்லை என்றால் போன் அடித்து எழுப்புங்கள். மேனேஜர் திட்டினால் திட்டட்டும்.

அட்வான்ஸ் கேட்டு வாங்குங்கள். 'உங்கள் கார்டில் போடுங்கள், அடுத்த மாதம் தருகிறோம்' என்பார்கள். கெடு தாண்டினால் கிரெடிட் கார்டு வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்துக்கு மேலும் போகலாம். அந்த வட்டியை எந்த டூர் பில்லிலும் எழுத இடமில்லை. நம்மிடம் கணக்கு கேட்கும் கம்பெனி, நம் பணத்தை எத்தனை மாதம் வைத்திருந்தது என்று யாரும் அதனிடம் கணக்கு கேட்பதில்லை. பொறுப்பு என்று நீங்கள் கேட்டீர்களே, அதில் இந்தப் பக்கமும் சேர்த்திதான்.

கிளம்புவதற்கு முன் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 1,500-க்குப் பில் வேண்டுமா, வேண்டாமா. நேரில் கேட்டால் ஒருவர் வேண்டாம் என்பார், நீங்கள் திரும்பி வரும்போது அவர் லீவில் இருப்பார்.