அக்காவிடம் கேளுங்கள்: அம்மாவை விடப்போகும் இல்லத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை ரவுணுக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன். அம்மாவுக்கு 78 வயது. தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். மறதி நோய் என்று கிளினிக்கில் சொல்லி நாலு வருடமாகிறது. பகலில் ஒருமாதிரிச் சமாளிக்கிறேன், இரவில்தான் முடியவில்லை. கேற்றைப் பிடித்து ஆட்டி, “கந்தோருக்கு நேரம் போகுது, திறவுங்கோ” என்கிறார். போன மாதத்திலிருந்து, அறை மூலையில் ஆரோ நிற்கிறார்கள் என்று கத்துகிறார், சாப்பாட்டையும் தள்ளிவிடுகிறார். கனடாவில் இருக்கும் தம்பி கொழும்புப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்திருக்கிறான். பளபளவென்று மாபிள் போட்ட கட்டடம். கமரா இருப்பதால் ரொறன்ரோவிலிருந்தே அம்மாவைப் போனில் பார்க்கலாமாம். இங்கே ரவுணுக்குள்ளும் ஒரு சின்ன இடம் இருக்கிறது, ஆனால் பழைய வீடு. எதை வைத்து முடிவெடுப்பது? சனம் என்ன கதைக்கும் என்ற பயமும் இருக்கிறது.
– உப்புவெளி வாசகி

தங்கச்சி, சனத்தின் கதையை முதலில் முடித்துவிடுவோம். “பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டிட்டாள்” என்று கதைக்கப்போகிறவர்களில் ஒருவராவது இரவு இரண்டு மணிக்கு வந்து பம்பேர்ஸ் மாற்றித் தருவாரா? தரமாட்டார். சரி, அது அவ்வளவுதான்.

இல்லம் பார்க்கப் போகமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மறதி நோய் மெல்ல மெல்ல இறங்கும் நோய். ஆள் சில நாட்களுக்குள் மாறினால் “அறளை கூடிப்போச்சு” என்று விட்டுவிடக் கூடாது. சலத்தில் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாகத் தொடங்கிய குளிசை, இதில் எதுவும் இப்படிக் குழப்பும். வயதுபோனவர்களுக்குக் காய்ச்சல் காயாமலே இருக்கலாம், சலம் எரிகிறது என்று அம்மா வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். வைத்தியரிடம் காட்டி சலப் பரிசோதனையும், சீனி, சோடியம், தைரொயிட் பார்க்க இரத்தப் பரிசோதனையும் செய்வியுங்கள். மூலையில் ஆள் நிற்பதாகச் சொல்வதையும் மறக்காமல் சொல்லுங்கள். லூயி பொடி என்றொரு வகை மறதி நோயில் இப்படி உருவங்கள் தெரியும். அந்த வகைக்காரருக்கு, ஆளை அமைதிப்படுத்தக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போன்ற குளிசைகள் பெரிய கேட்டைச் செய்துவிடும். கிருமிதான் காரணம் என்றால், மருந்து எடுத்தபின் ஆள் ஓரளவு தெளிந்து நீங்களும் ஆறுதலாக யோசிக்கலாம். அதுவரை எந்த இல்லத்துக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

இனித் தம்பியின் கமரா. அதில் தெரியப்போவது ஒரு விறாந்தையும் ஒரு கதிரையும். அம்மா கதிரையில் கண்மூடி இருப்பதைப் பார்த்துவிட்டு, “அம்மா நிம்மதியா இருக்கிறா” என்று அவன் உங்களுக்குப் போன் எடுப்பான். அது நிம்மதியா, குளிசை மயக்கமா என்று கமரா சொல்லாது. மேசையில் வைத்த தேத்தண்ணியை அவர் குடித்தாரா, ஆறியபின் எடுத்துப் போனார்களா என்றும் சொல்லாது. மாபிள் தரையும் அப்படித்தான். பளபளக்கும் தரை மறதி நோயாளிக்குத் தண்ணீர் தேங்கி நிற்பதாகத் தெரியும், கால் வைக்கப் பயப்படுவார். வாசலில் கறுப்புக் கால்மிதி போட்டிருந்தால் அது குழி என்று நினைத்து அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். பழைய வீட்டின் சீமெந்துத் தரையை இந்த விசயத்தில் நான் குறைசொல்ல மாட்டேன்.

மொழியையும் யோசியுங்கள். உங்கள் அம்மா கந்தோரில் சிங்களமும் ஆங்கிலமும் பேசியிருப்பார். ஆனால் இந்த நோயில் பிந்திப் படித்த மொழிதான் பெரும்பாலும் முந்திப் போகும். கடைசியில் மிஞ்சுவது வீட்டுத் தமிழ். இரவில் வயிற்றுக்குத்து வந்து “அம்மாளாச்சி” என்று முனகினால், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது விளங்கவேண்டும். கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். மாதம் ஒருமுறை ராத்திரி மெயில் ரயிலில் போய்வரலாம் என்று இப்போது நினைப்பீர்கள். மார்கழி மழையும் பிள்ளைகளின் சோதனையும் வந்தால் அந்த ஒருமுறையும் தவறும். இல்லத்தை ஒழுங்காக வைத்திருக்கிற பெரிய காரணமே எப்போது வருவார் என்று தெரியாத ஒரு மகள்தான். கொழும்பு இல்லங்கள் எல்லாம் கூடாது என்று சொல்லவில்லை, நல்லவையும் இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு அது தூரம் என்கிறேன்.

அதற்காக ரவுணில் இருக்கிற இடம் நல்லது என்றும் ஆகிவிடாது. போய்ப் பாருங்கள். முதல்தரம் சொல்லிவிட்டுப் போகலாம், கந்தோரில் இருத்தி எல்லாம் சொல்வார்கள். இரண்டாம்தரம் சொல்லாமல், பின்னேரம் ஐந்தரை மணிபோல் போங்கள். பொழுதுபடுகிற நேரத்தில்தான் மறதி நோயாளிகள் கூடுதலாகக் குழம்புவார்கள். “வீட்டை போகவேணும்” என்ற குரல் அப்போதுதான் எழும்பும். பகல் ஆட்கள் போய் இரவு ஆட்கள் வருவதும், இரவுச் சாப்பாடு கொடுப்பதும் அந்த நேரத்தில்தான். ஓய்வுபெற்ற தாதி நான், தெரிந்தவர்கள் கூப்பிட்டால் இப்படி இல்லம் பார்க்கக் கூடப் போவேன். ஓர் இடத்தில் எல்லோரையும் ரீவிக்கு முன்னால் வரிசையாக இருத்தியிருந்தார்கள். ரீவியில் கிரிக்கெட். பார்த்தது ஒருவருமில்லை, பராமரிக்கிற பிள்ளையைத் தவிர. இன்னோர் இடம் தகரக்கூரை வீடு. அங்கே ஒரு பிள்ளை முக்காலியில் குந்தி, ஒரு கிழவிக்குக் குழைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு கிழவியின் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. நோய் முற்றினால் விழுங்குவது பிழைக்கும், சாப்பாடு சுவாசக்குழாய்க்குள் போய் நியூமோனியா வரும். அந்தப் பிள்ளைக்கு ஆரோ அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முக்கியமான விசயம் இதுதான். உங்கள் அம்மாவைப் போல நடந்து திரிகிறவர்களைப் பார்த்து இல்லத்தை மதிக்காதீர்கள். கேற்றை ஆட்டிச் சத்தம் போடுகிறவரை எந்த இல்லமும் கவனித்தே ஆகவேண்டும். அங்கே மிக மோசமான நிலையில் இருப்பவர் ஆர் என்று தேடுங்கள். பேச்சில்லாமல், படுத்த படுக்கையாக, வந்து பார்க்க ஆளில்லாமல் ஒருவர் இருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய், “எப்பிடி அம்மா” என்று கையைப் பிடியுங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, மடங்கிய விரல்களுக்கிடையில் ஊத்தை இருக்கிறதா, கை மணக்கிறதா? உதடு வெடித்து, நாக்கு காய்ந்திருக்கிறதா? கச்சான் காற்றடிக்கும் ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் நல்ல சுகமானவர்களுக்கே நா வரளும், கேட்டுக் குடிக்க ஏலாதவர் காய்ந்தே போவார். தண்ணீர்க் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, யன்னல் விளிம்பில் ஒப்புக்கு இருக்கிறதா? அப்புறம் குதிக்காலைப் பாருங்கள். படுக்கைப் புண் பெரும்பாலும் குதியிலும் முதுகின் அடியிலும்தான் தொடங்கும். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறீர்கள் என்று கேளுங்கள். வழக்கம் இரண்டு மணித்தியாலம். எழுதி வைத்த கொப்பி இருந்தால் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவும் ஒருநாள் அந்தக் கட்டிலுக்கு வருவார். நீங்கள் தெரிவுசெய்வது அந்த நாளுக்கான இடத்தைத்தான்.

இரவில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள், அவர்கள் விழித்திருப்பார்களா, படுத்திருப்பார்களா என்று கேளுங்கள். இருபது பேருக்கு ஒருத்தி என்றால், மலசலகூடத்தில் ஒருவர் விழுந்தால் மற்றப் பத்தொன்பது பேரையும் ஆர் பார்ப்பது? “இரவில எழும்பித் திரிஞ்சா என்ன செய்வீங்கள்?” என்றும் கேளுங்கள். “பிளேன்ரீ குடுப்பம், கொஞ்சம் கூட நடப்பம், சலம் வருதோ எண்டு கேப்பம்” என்று பதில் வந்தால் அனுபவம் உள்ளவர்கள். “ஒரு குளிசை போட்டாச் சரி” என்றால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பலாம். ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் போன்றவை மறதி நோயுள்ள முதியவர்களில் பக்கவாத ஆபத்தையும் இறப்பையும் கூட்டும். இந்த இறப்பு ஆபத்தைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரிஸ்பெரிடோன் வகைக்கு 2005 இலும், ஹலோபெரிடோல் வகைக்கு 2008 இலும் எச்சரித்தது. தவிர்க்க முடியாத நேரத்தில் வைத்தியர் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தருவார், அது வேறு. கதிரையோடு சீலைத்துண்டால் கட்டிவைத்திருப்பதைக் கண்டால் கேள்வி கேட்கவே தேவையில்லை, வெளியே வந்துவிடுங்கள்.

கேற் பூட்டியிருப்பது பிழையில்லை. கடல் பக்கத்தில், ரோட்டும் பக்கத்தில். ஆனால் பூட்டிய கேற்றுக்குள்ளே நடக்க ஒரு வளவு இருக்கவேண்டும். எங்கள் ரவுணில் மான்கள் மாடுபோல ரோட்டில் திரிகின்றன. வாசல்பக்கம் கதிரை போட்டு அதைப் பார்க்கவிடும் இல்லம் என்றால், ரீவியைவிட அது எவ்வளவோ மேல்.

பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோர் இல்லங்கள் பதிவு செய்யவேண்டும். சுவரில் தொங்கும் சான்றிதழின் திகதியைப் பார்த்துவிட்டு, திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காசு விசயத்தை எழுத்தில் வாங்குங்கள். மாதக் கட்டணத்துக்குள் பம்பேர்ஸ், மருந்து, வைத்தியர் வந்து பார்ப்பது எல்லாம் அடங்குமா? நோய் முற்றினால் கட்டணம் கூடுமா, அல்லது “எங்களால ஏலாது, கூட்டிக்கொண்டு போங்கோ” என்பார்களா? அம்மாவை வைத்தியசாலையில் அட்மிட் பண்ணினால் வார்ட்டில் கூட நிற்பது ஆர்? இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் நடுச்சாமத்தில் ஓட்டோ தேடி அலைவார்கள். வீட்டு உறுதியைப் பற்றியோ பென்சன் புத்தகத்தைப் பற்றியோ இல்லத்துக்காரர் கதை எடுத்தால் அந்தக் கதையை அங்கேயே நிறுத்துங்கள். பென்சன்காரர் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் கொடுக்கவேண்டும், அந்த அலுவல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

சேர்ப்பதாக முடிவெடுத்தால், அம்மாவைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, பிட்டுக்குச் சொதியா சம்பலா, குளிக்க வார்க்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் கோபம் வருமா என்றெல்லாம். தபால் கந்தோர் வேலை என்பதை மேலே பெரிதாக எழுதுங்கள். பழைய கடித உறைகளையும் ஒரு பெட்டியையும் கொடுத்தால் அடுக்கிக்கொண்டு இருப்பார், கேற்றுக்குப் போகமாட்டார். அவருடைய தலையணையையும் சாமிப் படத்தையும் கொண்டுபோங்கள், சட்டைகளில் நூலால் பெயர் தையுங்கள். “பழகும்வரை இரண்டு கிழமைக்கு ஒருவரும் வரவேண்டாம்” என்று சில இடங்களில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரம் மாற்றி மாற்றிப் போங்கள், போனால் முதுகையும் குதியையும் பாருங்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களை முறிப்பது இரவுதான், பகல் இல்லை. சலத்தைப் பரிசோதித்தபின், தம்பி இல்லத்துக்கு அனுப்ப நினைத்த காசில் இரவுக்கு மட்டும் ஒரு ஆளை வீட்டில் வைத்து ஒரு மாதம் பாருங்கள். அதற்குள் ரவுணில் இருக்கிற அந்த இடத்துக்கு ஒரு பின்னேரம் போய்விட்டு வாருங்கள். போகமுன் எழுதினால் நானும் வருகிறேன்.

கேள்வி: எங்கட வாப்பாவுக்கும் இதே நோய். இரவில் பலமுறை எழும்பி, சுபஹ் நேரமாச்சு என்று ஒளுச் செய்கிறார். தொழுததை மறந்து திரும்பவும் தொழுகிறார். தடுத்தால் கோபம் வருகிறது. தனியப் பள்ளிக்கும் கிளம்பிவிடுகிறார். இல்லத்தில் விடும் எண்ணம் எங்களுக்கில்லை. என்ன செய்யலாம்?
– கிண்ணியா வாசகர்

தொழட்டும் தம்பி, தடுக்காதீர்கள். “இப்பத்தானே தொழுதீங்க” என்று திருத்தினால் அவருக்கு விளங்காது, பொல்லாத கோபம் மட்டும் மிஞ்சும். ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுவதுதான் ஆபத்து. அங்கே வழுக்காத விரிப்பு போட்டு, இருந்து கழுவ ஒரு கதிரையும், பிடிக்கச் சுவரில் ஒரு கம்பியும் வையுங்கள். இரவு முழுக்க லைற் எரியட்டும். பகலில் நீண்ட நேரம் நித்திரை கொள்ள விடாமல் வெயிலில் கொஞ்சம் நடக்க வையுங்கள், இரவில் எழும்புவது குறையலாம். வாசல் கதவின் மேல்பக்கம், கண்ணில் படாத உயரத்தில் ஒரு கொளுக்கி போடுங்கள். வீட்டில் ஆள் நிற்கும்போது மட்டும் அதைப் பூட்டுங்கள், நெருப்புப் பிடித்தால் திறக்க ஒருவர் வேண்டும். மோதினாரிடமும், பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள கடைக்காரரிடமும் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். வாப்பாவின் சட்டைப்பைக்குள்ளும் ஒரு துண்டில் எழுதித் தைத்துவிடுங்கள்.