இந்தியாவில் பச்சிளங்குழந்தை இறப்பு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, இல்லை கணக்கில் மட்டும்தானா?

உண்மையிலேயே குறைந்திருக்கிறது. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 'கணக்கில் மட்டும்தானா' என்று நீங்கள் கேட்டது மனதைச் சுட்டது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டில் யாரோ பிரசவத்துக்குக் காத்திருக்கிறார்கள், ஏதோ செய்தியைப் படித்துப் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளைத்தான் இதில் சேர்ப்பார்கள். தேசிய குடும்பநல ஆய்வில் 2005-06இல் இது ஆயிரம் பிறப்புக்கு 39. 2019-21 ஆய்வில் ஏறக்குறைய 25. 'ஆஸ்பத்திரிகள் மறைத்துவிடும்' என்று கீழே யாராவது எழுதுவார்கள். இந்த எண்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து வருபவை அல்ல, வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் கேட்டு எடுத்தவை. மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் பெரிது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதே ஆய்வில் கேரளத்தில் 4க்குக் கீழே, தமிழ்நாட்டில் 13க்குப் பக்கம், உத்தரப் பிரதேசத்தில் 35க்கு மேலே.

எதனால் குறைந்தது என்று கேட்டால் எல்லோரும் மெஷினைச் சொல்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனையில் எட்டு மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தையை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். எடை 1,300 கிராம். மேலே ஈரத்துண்டு. உள்ளங்காலைத் தொட்டால் ஐஸ். உடம்பு குளிர்ந்தால் சர்க்கரை இறங்கும், மூச்சு விட்டுவிட்டு வரும். குறைமாதக் குழந்தைகள் பல இப்படித்தான் கைநழுவிப் போகும். வார்மரில் போட்டுச் சூடேற்றி, சர்க்கரையைச் சரிசெய்தோம். நிலைமை தேறியதும் கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து வைக்க ஆள் வேண்டும். தாய்க்கு ஆபரேஷன் ஆகி அங்கேயே படுத்திருந்தார். கூட வந்தது அப்பத்தா மட்டும்தான். "என் நெஞ்சுல வச்சா ஆகுமா தாயி, பெட்டியிலயே இருக்கட்டுமே" என்றார். "பெட்டிச் சூட்டைவிட உங்க சூடு நல்லது பாட்டி, உக்காருங்க" என்றேன். தாய் வரும்வரை அந்த அம்மாள்தான் பகலும் ராத்திரியும் வைத்திருந்தார். பிழிந்து அனுப்பிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுத்தோம். தொடுகிறவர்கள் எல்லோரும் கை கழுவியே ஆக வேண்டும் என்று சண்டை போட்டேன். குழந்தை நல்லபடியாக வீட்டுக்குப் போனது.

வார்மர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் அன்றைக்கு அந்தப் பிள்ளை பிழைத்திருக்காது. ஆனால் சூடு, தாய்ப்பால், சுத்தமான கை இந்த மூன்றும் இல்லாமல் எந்த மெஷினும் காப்பாற்றாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே குழந்தைகளைக் கவனிக்க வைத்து இறப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். அது 1999இலேயே லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இன்று ஆஷா என்னும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போவதற்கு அதுதான் முன்னோடி.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தனியார் மருத்துவமனைகளிலிருந்து கடைசி நேரத்தில் இப்படி எங்களிடம் அனுப்பிவிடுகிறார்கள், குழந்தை இறந்தால் பழி எங்கள் வார்டின் மேல். வெளியே கண்ணாடியை உடைப்பார்கள், உள்ளே விளக்கம் கேட்பார்கள். இந்த வார்டில் என்னோடு ராத்திரி முழுக்க நிற்கும் பெண்களில் பலர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். நிரந்தர ஊழியருக்கு உள்ள அதே வேலை, அதே பொறுப்பு, சம்பளம் மட்டும் பாதிகூட இல்லை. இறப்பு விகிதம் குறைந்தது என்று மேடையில் பேசும்போது இவர்களை யாரும் சொல்வதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், பரவாயில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் குறைமாதக் குழந்தையைக் கவனிக்க வசதி உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தால் ஆட்டோ வேண்டாம், 108இல் இன்குபேட்டர் உள்ள வண்டி கேளுங்கள். அது வரத் தாமதமானால் குழந்தையின் ஈரத்தைத் துடைத்து, தலைக்குக் குல்லா போட்டு, யாராவது ஒருவர் வெறும் மார்போடு அணைத்து மேலே போர்த்திக்கொண்டு வரட்டும். அப்பாவாக இருந்தாலும் சரிதான்.