தக்காளிக்கு மெதுவாக வெளிப்படும் பூஞ்சைக்கொல்லி: இலைக்கா, வேருக்கா?

தக்காளி நோய்களுக்குச் சூழலைக் கெடுக்காத, மெதுவாக மருந்தை வெளியிடும் பூஞ்சைக்கொல்லிகளை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறேன். மாலூர் அருகே என் மாமனாரின் ஒன்றரை ஏக்கரில் எட்டு ஆண்டுகளாகத் தக்காளி பயிரிட்டுக் கோலார் மண்டிக்கு அனுப்பி வருகிறோம். நாற்றுக்கும் வேருக்கும் அவற்றை நம்பலாம் என்பதும், காய் பிடித்த செடியின்மீது தெளிக்க வேண்டாம் என்பதும் என் கருத்து.

மாங்கோசெப் போன்ற தொடுமருந்துகள் இலைமேல் படிந்திருக்கும் வரைதான் காக்கும். ஓர் ஆவணி மாதம், காலையில் அடித்த மருந்தை மாலை மழை கழுவிவிட்டது. சில நாட்களில் அடியிலைகளில் மிளகளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. உற்றுப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள், சுற்றிலும் மஞ்சள் விளிம்பு. முன்பருவ இலைக்கருகல் என்பது அதுதான். மறுபடி அடித்தோம், மறுபடியும் மழை பெய்தது. வீணான மருந்து முழுவதும் வரப்போரக் குட்டைக்குத்தான் போயிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இந்த வீணடிப்பைத் தவிர்க்கவே மருந்தை ஓர் உறைக்குள் அடைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடும் முறையை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான், கடற்பாசியின் ஆல்ஜினேட், மரத்திலுள்ள லிக்னின் ஆகியவை உறையாகின்றன. இவற்றுள் லிக்னின் உறை என்னை மிகவும் கவர்ந்தது. ஏனெனில், தாக்க வரும் பூஞ்சை சுரக்கும் நொதியே அந்த உறையைச் சிதைப்பதால், நோய் இருக்கும் இடத்தில்தான் மருந்து வெளிப்படுகிறது. ஆனால் மெதுவாக வெளிப்படுவதெல்லாம் மண்ணுக்கு நல்லதென்று எண்ணிவிடக் கூடாது. சில உறைகள் மட்காத செயற்கைப் பாலிமர்களால் ஆனவை. வேண்டுமென்றே சேர்க்கப்படும் இத்தகைய நுண்நெகிழித் துகள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்பாடு விதித்தது. அதேபோல், பூஞ்சைக்கொல்லியாகத் தெளிக்கும் தாமிரத்தை எந்த உறைக்குள் வைத்தாலும் தாமிரம் தாமிரமே. அது மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

தக்காளியை ஒரே நாளில் அறுவடை செய்து முடிப்பதில்லை. பறிப்பு தொடங்கிவிட்டால் சில நாட்களுக்கு ஒருமுறை வாரக்கணக்கில் பறித்துக்கொண்டே இருப்போம். மெதுவாகக் கசியும் மருந்தைக் காய்மேல் அடித்தால், அது பறிக்கும் நாளிலும் கசிந்துகொண்டுதான் இருக்கும். அதை உண்பவர்களில் என் பிள்ளைகளும் அடக்கம்.

வேர்ப்பகுதியில் அதே குணம் நன்மையாகிறது. வாடல் நோயைத் தரும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை மண்ணிலேயே காத்திருப்பதால், காவலும் மண்ணிலேயே நெடுநாள் இருக்க வேண்டும். நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை, ஹெக்டேருக்கு 2.5 கிலோ என்ற அளவில் 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் மூடிவைத்து, பிறகு நிலத்தில் இடுவார்கள். எங்கள் நிலத்துக்கு இதே விகிதத்தில் குறைத்துக் கலக்கிறோம். உயிருள்ள பூஞ்சை தானே பெருகி வேரைச் சுற்றிப் படர்வதால், இதைவிட மெதுவாக வெளிப்படும் மருந்து எனக்குத் தெரியவில்லை. தாமிர மருந்தை மட்டும் இதனோடு சேர்க்காதீர்கள், அது டிரைக்கோடெர்மாவையும் பாதிக்கும். விதைக்கு, ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்கை வாங்குகிறோம். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கக்கூடிய ரகம் அது.

ஒரு கடையில் ‘இயற்கை’ என்று மட்டும் அச்சிட்ட பொட்டலத்தை வாங்கி ஏமாந்திருக்கிறேன். மூலப்பொருளின் பெயரும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணும் இல்லாத எதையும் பூஞ்சைக்கொல்லி என்று வாங்காதீர்கள்.

குளிரும் தூறலும் சேர்ந்து வரும் நாட்களில் பரவும் பின்பருவக் கருகலுக்கு மட்டும் இந்த நிதானம் உதவாது. சில நாட்களிலேயே தோட்டம் கருகிவிடும். அப்போது உடனே வேலை செய்யும் மருந்தை அடித்துவிட்டு, பாக்கெட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் முடியும்வரை பறிப்பை நிறுத்தி வைக்கிறோம்.